எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு ‘ஆபீஸ்’ என்று பேர். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். “அம்மா ஆபீசுக்குப் போயிருக்காங்க” என்று பள்ளிக்கூடத்தில் நான் சொன்னபோது, மாயவரத்திலிருந்து புதிதாக வந்திருந்த டீச்சர், “எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்டார். “திரி சொருகுறது டீச்சர்” என்றேன். திருத்தங்கலில் அந்த வகுப்பில் இருந்த பாதிப் பேருடைய அம்மாக்கள் அதே டிபார்ட்மென்ட்தான்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஆயுத பூஜை அன்று, குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். வேலை நடக்காது. கழுவித் துடைத்துப் பொட்டு வைத்த வெறும் அறைகள். பொட்டல் வெளியில் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சின்னச் சின்னதாக நிற்கும். அம்மா தான் உட்காரும் அறையைக் காட்டக் கூட்டிப் போனாள். வேப்ப மரத்தடியில் செருப்பை விட்டாள். வாசல் சுவரில் பதித்திருந்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, ஒரு மூச்சு நின்று, அப்புறம்தான் உள்ளே கால் எடுத்து வைத்தாள். உள்ளே ஒரு சிட்டிகை மருந்து கிடையாது. இருந்தாலும் கை தன்னால் தகட்டுக்குப் போனது. தகட்டின் நடுவில் மட்டும் ஒரு கையகலத்துக்குப் பளபளப்பு. ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது.

“எதுக்கும்மா?”

“ஒடம்புல கரண்டு இருக்கும்டா. அத மண்ணுக்குக் குடுத்துட்டுத்தான் உள்ள போகணும்.”

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அம்மா. நிலைமின்சாரம் என்ற சொல்லைப் பிற்பாடு நான் பாலிடெக்னிக்கில் மனப்பாடம் செய்தேன். அவள் தினமும் அதை உள்ளங்கையால் மண்ணுக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இந்த மண்ணில் வேர் பிடித்தன. காய்ந்த காற்று மருந்தைச் சீக்கிரம் உலர்த்தும். அதே காற்று உடம்பிலும் துணியிலும் மின்னேற்றத்தைத் தங்கவும் வைக்கும். அதனால்தான் நைலான் துணி ஆகாது, பருத்திதான். இரும்புக் கரண்டி ஆகாது, மரமும் பித்தளையும்தான். இந்த வழக்கமெல்லாம் ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

எனக்கும் தெரிந்திருந்தது. பயன்படுத்த வேண்டிய இடத்தில் நினைவு வரவில்லை.

1999-ல் ஒரு ஆப்செட் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெருமாள் கோயில் குன்று ஜன்னலில் தெரியும். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான நின்ற நாராயணப் பெருமாள் நிற்கிற குன்று. காலண்டர், பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், நோட்டு அட்டை என்று வேலை. என்னை எல்லாரும் ‘கம்ப்யூட்டர் தம்பி’ என்றார்கள். அடுத்த அறையில் பிலிம் ரூம் அண்ணாச்சி இருந்தார். லைட் டேபிள் மேல் குனிந்தே முதுகு வளைந்த மனிதர். ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வண்ணத்துக்கு நான்கு பிலிம். வேலை முடிந்ததும் நான்கையும் காக்கிக் கவரில் போட்டு, பென்சிலால் ‘மயில் மேல் முருகன், 15க்கு 20, 1997’ என்று எழுதி, இரும்பு பீரோவில் நிறுத்தி வைப்பார். பேனாவால் எழுத மாட்டார். மை வியர்க்கும், பிலிமில் ஒட்டும் என்பார்.

அவர் லித்தோ கல் காலத்திலேயே தொழிலுக்கு வந்தவர். ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த சுண்ணாம்புக் கற்களில் வரைந்து அச்சடித்த காலம். வேலை முடிந்தால் கல்லை மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்து, பழைய படத்தை அழித்துவிட்டுத்தான் புதுப் படம் வரைய முடியும். “கல்லுல அழிச்சாத்தான் அடுத்த வேல, தம்பி. பிலிம் வந்த பெறகுதான் பிரஸ்ஸுக்கு ஞாபகம்னு ஒண்ணு வந்துச்சு” என்று ஒரு நாள் சொன்னார். அப்போது அதைக் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஏ3 அளவில் ஒரு சாமி படத்தை 300 டிபிஐ-யில் நான்கு வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் சுமார் 70 எம்பி வரும். அதைப் பிளாப்பியில் ஏற்றினால் 48 பிளாப்பி. 48-ல் ஒன்று கெட்டாலும் சாமிக்கு ஒரு கை இருக்காது. சிடி வந்தது, கீறல் விழுந்தது. கம்ப்யூட்டர்கள் ஐந்தானபோது ஒரே படம் ஐந்து இடத்தில் ஐந்து விதமாகக் கிடந்தது. எந்த லட்சுமி கடைசியாகத் திருத்திய லட்சுமி என்று தெரியாமல் தப்பானது பிளேட்டுக்குப் போய், இரண்டாயிரம் ஷீட் வீணானது. அதற்குப் பிறகுதான் முதலாளி சர்வர் வாங்கச் சம்மதித்தார்.

2006 தை மாதம். ரேக் தனி லாரியில் வந்து இறங்கியது. ஏழடி உயரம், கறுப்பு நிறம், முன்னால் கண்ணாடிக் கதவு. நான்கு பேர் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். சர்வர் அதைவிடச் சின்ன அட்டைப் பெட்டியில் இருந்தது. 250 ஜிபி ஹார்டுடிஸ்க் நான்கு, ரெய்டு 5. சந்தனம், குங்குமம், மாலை. புகை உள்ளே ஆகாது என்று சூடத்தை மட்டும் வாசலுக்கு வெளியே காட்டினோம். ஊரிலேயே ஏசி போட்ட அறைகள் குறைவாக இருந்த நாளில் அந்த அறைக்கு ஏசி. வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். பைண்டிங்கில் வேலை பார்க்கும் அக்காமார் கண்ணாடி வழியே பச்சை விளக்குகளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பொருத்த வந்த கம்பெனியின் பையன் அவசரத்தில் இருந்தான். சாயங்காலம் மதுரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு பாலிதீன் உறையில் கையில் கட்டும் பட்டை ஒன்று இருந்தது. நிலைமின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் பட்டை. “இதெல்லாம் வேணாம் சார்” என்று டிராயரில் போட்டான். ரேக்கைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினான். ரேக்குக்குத் தனி எர்த் கேட்டேன். மெஷின் ஹாலுக்குப் போகிற பழைய எர்த்திலேயே சேர்த்துவிட்டான். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன். செருப்பைக் கழற்றிய கால் இருந்தது, தகட்டைத் தொடும் கை இல்லை. அதைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்து வருந்துகிறேன்.

மனிதத் தோலுக்குச் சுரீர் என்று தெரிய ஏறக்குறைய 3,000 வோல்ட் நிலைமின்சாரம் வேண்டும். மெமரிச் சில்லைக் கெடுக்க 100 வோல்ட்டே போதும். தொட்டவனுக்கும் தெரியாது, தொடப்பட்டதும் உடனே சாகாது. ஆறு மாதம் கழித்துக் காரணம் சொல்லாமல் நிற்கும்.

அந்த ரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் அகலம் 19 அங்குலம். உலகத்தில் பெரும்பாலான கம்பெனிகள் செய்வது இதே 19 அங்குலம்தான். உயரத்தை 1.75 அங்குலம் கொண்ட படிகளாகக் கணக்கிடுவார்கள். முழு ரேக் 42 படி. இந்த அளவைக் கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி ஏடி அண்ட் டி, தன் எக்ஸ்சேஞ்சுகளில் கருவிகளை அடுக்க வகுத்த அளவு அது. அதே ஆண்டுகளில்தான் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பட்டாசும் அச்சும் அதன் பின்னால் வந்தவை. அமெரிக்காவில் வகுத்த அளவும் இங்கே தொடங்கிய தொழிலும் திருத்தங்கலில் ஒரு பன்னிரண்டடி அறையில் சந்தித்துக்கொண்டதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. இரண்டுக்கும் அடிப்படை ஒழுங்கு. ரேக்கில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் படி. பட்டாசு ஆபீசில் ஒவ்வொரு அறைக்கும் அதனதன் தூரம், ஆள் கணக்கு, மருந்துக் கணக்கு. ஓர் அறையில் பிடித்தது அடுத்த அறைக்குத் தாவக் கூடாது.

முதல் வருஷம் அறையைத் தினமும் துடைத்தோம். இரண்டாம் வருஷம் வாரத்துக்கு ஒரு நாள். மூன்றாம் வருஷம் ஏசி குளிருக்காக மதியச் சாப்பாட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது. பிறகு சாம்பிள் காலண்டர் கட்டுகள் வந்தன. யுபிஎஸ் மேல் டீ கிளாஸ் வட்டங்கள். கும்பிட்ட பொருளைத் துடைக்க ஆள் இல்லை. அச்சகத்தில் காகிதத் தூசி ஒரு பக்கம், அச்சடித்த தாள்கள் ஒட்டாமல் இருக்க மெஷின் தூவும் மாவுப் பவுடர் இன்னொரு பக்கம். சர்வரின் விசிறிகள் முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளும். இரண்டு தூசியும் அதன் நெஞ்சில் படிந்தன. பின்பக்கம் சுவர். அனல் போக வழியில்லாமல் சுற்றி மறுபடி முன்னாலேயே வந்தது.

2008-ல் கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட் எடுக்கும் மெஷின் வந்ததும் பிலிம் ரூமை மூடினோம். அண்ணாச்சிக்குச் சால்வை போட்டு அனுப்பினோம். அவருடைய பீரோக்கள் பரணுக்குப் போயின. “எடைக்குப் போட்டுரலாமே” என்று ஒருவர் சொன்னார். பிலிமில் வெள்ளி இருக்கிறது, விலை கிடைக்கும். போகிற போக்கில் அண்ணாச்சி முதலாளியிடம், “அது எடத்த அடைக்காது மொதலாளி, கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

2012 வந்தது. அந்த ஆண்டின் மின்வெட்டைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. தென் மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. ஜெனரேட்டர் மெஷின்களுக்கு ஓடியது, ஏசிக்கு ஓடவில்லை. யுபிஎஸ் பேட்டரிக்கு 25 டிகிரிதான் இதமான சூடு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. எங்கள் அறை மத்தியானத்தில் 38-ல் நின்றது. பேட்டரிகள் வயிறு வீங்கின. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சில நொடி இடைவெளியில் சர்வர் அணைந்து அணைந்து எழுந்தது.

ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதன் பிறகு ஆர்டர் குவியும், கார்த்திகை முடிய மூச்சு விட நேரம் இருக்காது. அந்த செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புகை நெடுந்தூரத்துக்குத் தெரிந்தது. ஊரே ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ஒரு வாரம் யாருக்கும் எதிலும் மனம் ஓடவில்லை. அடுத்து நான் சொல்லப்போகும் நஷ்டத்தை அந்த நாளோடு சேர்த்துப் பேசவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் இழந்தவை படங்கள் மட்டும்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்கு முந்தின நாள் சர்வர் எழவில்லை. நான்கு டிஸ்க்கில் ஒன்றின் விளக்கு முன்பே ஆரஞ்சாகி இருந்திருக்கிறது. பிற்பாடு அதன் பதிவைப் பார்த்தபோது 23 நாள் என்று தெரிந்தது. சாம்பிள் கட்டுகளுக்குப் பின்னால் இருந்த விளக்கை யாரும் பார்க்கவில்லை. ரெய்டு 5 என்பது நான்கு பேர் தூக்கும் சப்பரம். ஒரு தோள் விலகினாலும் மூன்று தோள் தாங்கிப் பிடிக்கும். இரண்டாவது தோளும் விலகினால் சாமி கீழே. ஜெனரேட்டர் மாறும்போது வந்த ஏற்றத்தில் இரண்டாவது டிஸ்க் போனது. பேக்கப் எடுத்து வைத்திருந்தோம். அது ஒரு யுஎஸ்பி டிஸ்க். அதே ரேக்கில், அதே சர்வரின் தலைமேல், அதே பிளக் பாயிண்ட்டில் இருந்தது. அதுவும் போனது. என் அம்மாவின் ஆபீசில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஏன் அவ்வளவு பொட்டல் விட்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாம் நாள் காலையில் அண்ணாச்சி வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அறுபத்தெட்டு வயசு. சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே என்னிடம், “பீரோவ எடைக்குப் போட்டுட்டீங்களா தம்பி?” என்றார்.

“இல்ல அண்ணாச்சி. பரண்லதான் இருக்கு.”

“ஏணியக் கொண்டாங்க.”

நாங்கள் தடுத்தும் கேட்காமல் அவரே ஏறினார். ஒவ்வொரு கவராக இறக்கித் தந்தார். எறும்பு அரித்தது கொஞ்சம், ஒட்டிப் போனது கொஞ்சம். மீதி எல்லாம் நன்றாக இருந்தன. ‘மயில் மேல் முருகன், 15க்கு 20, 1997’ என்ற பென்சில் எழுத்து நேற்று எழுதியதுபோல் இருந்தது. பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இருக்கான்” என்றார். அந்த ஒரு சொல்லை நான் மறக்க மாட்டேன்.

சிவகாசியில் பிலிமைப் புள்ளிக்குப் புள்ளி படியெடுக்கும் ஸ்கேனர் வைத்திருந்த ஒரு கடையில் பத்து ராத்திரி உட்கார்ந்தோம். பழைய சாமி படங்கள் அத்தனையும் திரும்பி வந்தன. அந்த வருஷத்துக் காலண்டர் அதனால்தான் வெளியே போனது. 2008-க்குப் பிறகு கம்ப்யூட்டரிலேயே பிறந்து கம்ப்யூட்டரிலேயே இருந்த படங்களுக்குப் பிலிம் கிடையாது. அவை போனவை போனவைதான். பழையது இருந்தது, புதியது இல்லை. ஊர் முழுக்கத் தூக்கிப் போடச் சொன்னது பழையதை.

அடுத்த தையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். முதலில் எர்த். எலக்ட்ரீசியன் மாமா மீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தார். 2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 18 காட்டியது. பின்கட்டில் பழைய குழியைப் போய்ப் பார்த்தோம். எங்கள் மண் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். எர்த் பைப்பைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பைப்பு மண்ணைத் தொடவே இல்லை. எத்தனை வருஷமாகத் தொடவில்லையோ! அவ்வளவு பெரிய அச்சகம், அந்த விலை மெஷின்கள், எல்லாம் மண்ணோடு பிடிப்பில்லாமல் நின்றிருந்தன.

சர்வருக்கென்று தனிக் குழி தோண்டினோம். அடியில் செம்புத் தகடு, அடுக்கடுக்காக மரக்கரியும் கல் உப்பும், மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வைத்த குழாய். எர்த்திங்குக்கு நம் நாட்டில் ஐஎஸ் 3043 என்று தர விதியே இருக்கிறது. மாமா அதைப் படித்தவர் இல்லை, ஆனால் கரியும் உப்பும் தண்ணீரும் ஏன் என்று படித்தவரை விட நன்றாகச் சொன்னார். “மண்ணு காஞ்சா கரண்டு எறங்காதுய்யா. ஈரந்தான் வழி.” மறுபடி அளந்தபோது ஒன்றரை வோல்ட்.

ரேக்கைச் சுவரிலிருந்து இரண்டரையடி தள்ளி நிறுத்தினோம். ஒரு ஆள் பின்னால் போய் வேலை செய்யலாம். கண்ணாடிக் கதவைக் கழற்றித் துளையிட்ட தகரக் கதவு போட்டோம். ரசமட்டம் வைத்து நான்கு கால்களையும் சமன் செய்தோம். கனமான யுபிஎஸ் கீழே, சர்வர் இடுப்பு உயரத்தில், வயர் வந்து சேரும் பேட்ச் பேனல் மேலே. சதுர ஓட்டைகளில் மாட்டும் கேஜ் நட்டு இருக்கிறதே, விரல் நுனிக்கும் பெரிதில்லை. ஒரு காதை உள்ளே கொக்கி போட்டு, இன்னொரு காதை அமுக்கித் தள்ள வேண்டும். ஐம்பது மாட்டுவதற்குள் கட்டைவிரல் நகக்கண்ணில் ரத்தம் கட்டியது. காலிப் படிகளைத் திறந்து விட்டால் பின்பக்க அனல் அந்த வழியாக முன்னால் வந்துவிடும். அதனால் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கும் பட்டறையில் தகரம் வாங்கி, ஓரம் மடித்து, படிக்குப் படி அடைத்தோம். ஜெனரேட்டர் லைனில் முதல் இணைப்பு ஏசிக்கு.

பழைய டிராயரைக் காலி செய்தபோது அந்தக் கைப்பட்டை உறை பிரிக்காமல் கிடைத்தது. கட்டிக்கொண்டுதான் புது சர்வரின் மூடியைத் திறந்தேன். அறை வாசலில் மாமாவிடம் சொல்லி ஒரு செம்புத் தகடும் பதிக்க வைத்தேன், அதே எர்த்தோடு சேர்த்து. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் ஒரு கையகலம் பளபளக்கத் தொடங்கிவிட்டது.

இப்போது படங்களுக்கு மூன்று இடம். சர்வரில் ஒன்று. தெருவுக்கு அந்தப் பக்கம் காகித கோடவுனில், வேறு லைன், வேறு எர்த்தில் ஒன்று. மூன்றாவது மும்பையில். அமேசான் 2016-ல் அங்கே தன் டேட்டா சென்டர்களைத் திறந்த பிறகு, இணையம் வழியாக ராத்திரியில் தானாகவே போய்ச் சேர்கிறது. திருத்தங்கலும் 2021-ல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். “எல்லாம் கிளவுட்ல இருக்குல்ல சார், இந்த ரூமு எதுக்கு?” என்கிறார்கள். கிளவுட் என்பதும் யாரோ ஒருவர் ஊரில் இதே மாதிரி ரேக்குதான், அங்கேயும் யாரோ ஒருவர் தூசி துடைத்து, பேட்டரி மாற்றி, விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்வேன். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளில் ஒருவரை விட்டு, மூன்று இடத்திலிருந்தும் ஏதாவது ஒரு படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்கிறேன். எடுத்துத் திறந்து, திரையில் முழுசாகத் தெரிந்த பிறகுதான் அது பேக்கப். திறந்து பார்க்காத பேக்கப்பை எங்கள் அச்சகத்தில் இப்போது கணக்கில் சேர்ப்பதில்லை. படம் வந்ததும் அந்தப் பிள்ளை, “இருக்கான் சார்” என்று சொல்லும். அது யாருடைய சொல் என்று அந்தப் பிள்ளைகளிடம் இன்னும் நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டும்.

அண்ணாச்சியின் பீரோ இரண்டும் பரணிலிருந்து இறங்கி, சர்வர் அறையிலேயே ஏசியில் நிற்கின்றன.

உங்கள் கடையிலோ ஆபீசிலோ பள்ளியிலோ ஒரு ரேக் இருக்கலாம். அதன் விலை, வேகம், கொள்ளளவு எல்லாம் கேட்டு வாங்கியிருப்பீர்கள். இன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பும் முன் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, எர்த் குழி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். சித்திரை வெயில் வருகிறது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள்.